ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மனசு சோர்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014 அக்டோபரில் முதுகலை படிக்க டோர்ட்முண்டுக்கு வந்தேன். இப்போது இங்கேயே வேலை. சனிக்கிழமை மாலையில் மாணவர்கள் ஆறேழு பேர் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகு யாராவது ஒருவர் மட்டும் பாத்திரம் துலக்கித் தருகிறேன் என்று நின்றுவிடுவார். கேள்விகள் அப்போதுதான் வரும். முகம் பார்க்காமல், குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டால் கொஞ்சம் சுலபம் போலும்.

முகங்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே இங்கே 49,000-க்கும் அதிகமான இந்திய மாணவர்கள் படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் அதிகம். என் சமையலறைக்கு வர முடியாதவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இங்கே பத்து வருஷத்துக்கும் மேலாக வாழ்ந்து, பல பிள்ளைகளோடு அலைந்து தெரிந்துகொண்டது இது.

"வந்து மூணு வாரம்தான் ஆகுது அக்கா. ராத்திரி ஆனா அழுகை வருது. எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

ஒன்றும் ஆகவில்லை. வீட்டு ஏக்கம் அது. அதிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை பலரையும் உலுக்கிவிடும். கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. பக்கத்து வீட்டு டிவி, தண்ணி லாரி, நாய் என்று ஏதாவது ஒரு சத்தத்திலேயே வளர்ந்த நமக்கு அந்த அமைதி பயமாகக்கூட இருக்கும். எனக்கு இருந்தது.

அழுதுவிட்டுப் பிறகு சாப்பிட முடிகிறதா, தூங்க முடிகிறதா, மறுநாள் வகுப்புக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால் இன்னும் சில வாரத்தில் தணியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும், எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். கீழே கவுன்சலிங் பற்றிய பதிலுக்கு நேரே போய்விடுங்கள்.

"நவம்பர் வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு சீனியர் சொல்றார். நிஜமா?"

பாதி நிஜம். டிசம்பர் கடைசியில் பெர்லினில் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் உதிக்கும், மாலை நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். சென்னையில் வருஷத்தின் மிகக் குறுகிய பகலே பதினோரு மணி நேரத்துக்கு மேல். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த உடம்புக்கு இந்த இருட்டு குழப்பம்தான். தூக்கம் கூடும், சுறுசுறுப்பு குறையும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இந்தியாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த இடைவெளி அன்றிலிருந்து நாலரை ஆகிவிடும். நீங்கள் மாலை ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பும்போது ஊரில் மணி பத்தரை, அம்மா படுத்திருப்பார். இருட்டு கூடிய அதே வாரத்தில் வீட்டுப் பேச்சும் குறைந்துபோகும். அதனால் அழைப்பைக் காலைக்கு மாற்றுங்கள். இங்கே ஏழு மணி என்றால் அங்கே பதினொன்றரை, சமையல் ஓடிக்கொண்டிருக்கும். போனை அடுப்பங்கரை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் காபி குடியுங்கள்.

மதியம் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் அறை விளக்கைவிட வெளியில் வெளிச்சம் பல மடங்கு அதிகம். வைட்டமின் டி மாத்திரையை வாட்ஸப்பில் வந்த அளவைப் பார்த்து விழுங்க வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். மார்ச்சில் வெளிச்சம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டு நவம்பரிலிருந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் பதிலில் சொன்ன இரண்டு வாரக் கணக்கு குளிர்காலத்துக்கும் பொருந்தும்.

"நம்ம குரூப்ல தொள்ளாயிரம் பேர் இருக்கோம். அப்புறமும் ஏன் யாருமே இல்லாத மாதிரி இருக்கு?"

அந்தக் குரூப் பயனுள்ளதுதான். எந்த ஊரில் அறை காலி, யார் இந்தியாவிலிருந்து வருகிறார், பெட்டியில் இரண்டு கிலோ இடம் இருக்கிறதா என்பதற்கெல்லாம் அதைவிட நல்லது கிடையாது. ஆனால் நீங்கள் மூன்று நாள் வெளியே வரவில்லை என்பதை அந்தத் தொள்ளாயிரம் பேரில் ஒருவரும் கவனிக்க மாட்டார். உங்களுக்குத் தேவை, நீங்கள் வராவிட்டால் "எங்கடா ஆளைக் காணோம்" என்று கேட்கிற நான்கைந்து பேர்.

அப்படிப்பட்டவர்கள் கிடைக்க நான் கண்ட ஒரே வழி, வாரம் தவறாமல் ஒரே நாளில், ஒரே இடத்தில், அதே ஆட்களைச் சந்திப்பது. பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பருவத்துக்கு ஒருமுறை சிறு கட்டணத்துக்குப் பாட்மிண்டனோ கைப்பந்தோ சேரலாம். விடுதிப் பொதுச் சமையலறையில் வியாழக்கிழமை தோறும் சேர்ந்து சமைக்கலாம். குளிரில் இட்லி மாவு புளிக்காது, பாத்திரத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நேரத்துக்குப் பொங்குமா என்று நாலு பேர் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு பேர் போதும். ஒருவராவது தமிழர் அல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

"நம்மாளுங்ககிட்ட சொன்னா ஊர் பூரா பரவிடுமே?"

பரவலாம். நான் ஒரு தேர்வில் தோற்றதை ஒரே ஒரு தோழியிடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்து, "என்னம்மா, பெயிலாமே" என்றார். தோழி கெட்டவள் இல்லை, கவலைப்பட்டு அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷம்தான் எனக்கு இங்கே மிக மோசமான வருஷம்.

அதனால் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எதை யாரிடம் சொல்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பசி, குளிர், ஏக்கம் எல்லாம் நம் கூட்டத்தில் தாராளமாகப் பேசலாம். தேர்வு, கடன், காதல், வீட்டுச் சண்டை போன்றவற்றை உங்கள் துறையிலும் உங்கள் ஊர்க்காரர் வட்டத்திலும் இல்லாத ஒருவரிடம், அல்லது ரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவரிடம் சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் சொன்னால், உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள்.

"ஈழத் தமிழர் கடை, கோயிலுக்கெல்லாம் நாங்க போகலாமா? வெளியாள் மாதிரி பாப்பாங்களோ?"

தயங்காமல் போங்கள். 1983-க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நமக்குக் கிடைப்பது அவர்கள் போட்ட கடைகளால்தான். ஹாம் நகரத்தின் ஊன்ட்ரொப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரத்தோடு நிற்கும் காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் எழுப்பியதே. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோடைத் தொடக்கத்தில் தேர் இழுக்கும்போது ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். டோர்ட்முண்டிலிருந்து ஹாமுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. பக்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒருநாள் முழுக்கத் தமிழ் காதில் விழுவதற்காகவே போய் வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நான் முதன்முதலில் கடைக்குப் போன அன்று கல்லாவில் இருந்த அக்கா, என் முகத்தைப் பார்த்து, "என்ன பிள்ளை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார். காசு கொடுக்கக் கை நீட்டியபடியே அழுதுவிட்டேன். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அவர்களில் பலர் மொழி தெரியாமல், காகிதம் இல்லாமல், வீடும் உறவும் இழந்து வந்தவர்கள். அவர்களாகச் சொன்னால் ஒழியப் போரைப் பற்றிக் கிளறாதீர்கள்.

"கவுன்சலிங்னா முத்திப்போனவங்களுக்குத்தானே? நிறைய செலவாகுமா?"

இரண்டும் இல்லை. ஜெர்மனியில் 57 ஸ்டுடீரெண்டன்வெர்க் அமைப்புகள் இருக்கின்றன. விடுதியையும் மென்ஸா உணவகத்தையும் நடத்துகிறவர்கள் அவர்கள்தான். பெரும்பாலான ஊர்களில் மனநல ஆலோசனையும் அவர்களிடமே உண்டு, சில ஊர்களில் பல்கலைக்கழகமே தனியாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் இலவசம். தேர்வு பயம், தூக்கமின்மை, தீசிஸ் எழுத உட்கார முடியாமை என்று ஜெர்மன் மாணவர்கள் சாதாரணமாகப் போய்வருகிறார்கள்.

நான் மேலே சொன்ன அந்த மோசமான வருஷத்தின் முடிவில் போனேன். சின்ன அறை, இரண்டு நாற்காலி, மேசையில் ஒரு கைக்குட்டைப் பெட்டி, சுவரில் கடிகாரம். அந்த அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது எப்போது" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. நான்கு முறை போனேன், அதற்குள் ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்திருந்தேன். எல்லோருக்கும் நான்கு முறை போதுமா என்றால், இல்லை. நீண்ட சிகிச்சை தேவையென்றால் எங்கே போவது என்பதையும் அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

"எனக்கு ஜெர்மன் வராது. இங்கிலீஷ்லகூட மனசுல இருக்கிறத சொல்ல வரமாட்டேங்குது. என்ன செய்ய?"

ஆங்கிலத்தில் பேசும் ஆலோசகர் ஏறக்குறைய எல்லாப் பெரிய பல்கலைக்கழக ஊர்களிலும் உண்டு, நேரம் கேட்டு மின்னஞ்சல் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். வார்த்தை வராது என்று பயந்தால் முந்தின நாள் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி, அதை மொழிபெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். "மனசு கனமா இருக்கு", "நெஞ்சடைக்குது" என்பதை அப்படியே சொல்லி, உடம்பில் எங்கே, எப்போது என்று விளக்கினால் அவர்களுக்குப் புரியும்.

தமிழில்தான் பேச வேண்டும் என்றால் ஊரிலுள்ள உளவியலாளரிடம் காணொளியில் பேசலாம், சிலருக்கு அது நன்றாகவே உதவியிருக்கிறது. அந்தச் செலவை இங்கத்திய காப்பீடு ஏற்காது. அவசரம் என்றால் உங்கள் கதவைத் தட்டவும் அவரால் முடியாது. அதனால் அங்கே ஒருவரோடு இங்கே ஒருவரும் இருக்கட்டும்.

"நான் போனா யுனிவர்சிட்டிக்கு, விசா ஆபீஸுக்கு, வேலை தர்ற கம்பெனிக்கெல்லாம் தெரிஞ்சிடுமா?"

தெரியாது. மருத்துவரோ உளவியலாளரோ உங்கள் விஷயத்தை வெளியே சொன்னால், ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 203-ஆம் பிரிவுப்படி அது தண்டனைக்குரிய குற்றம். உங்கள் பேராசிரியருக்கோ, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ, உங்கள் பெற்றோருக்கோகூடச் சொல்லமாட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் காப்பாற்றத் தேவையானதைச் செய்வார்கள்.

மறைக்காமல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் தனியார் மருத்துவக் காப்பீடோ, வேலை செய்யும் திறன் இழந்தால் பணம் தரும் காப்பீடோ எடுக்கப் போனால், கடந்த சில வருஷங்களில் சிகிச்சை எடுத்தீர்களா என்று படிவத்தில் கேட்பார்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும், அது பிரீமியத்தைப் பாதிக்கலாம். இதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்ட ஒரு பையன் படிப்பையே விட்டுவிட்டான். என்னைக் கேட்டால், இருபத்து நாலு வயதில் நாற்பது வயதுக் காப்பீட்டுக்காகத் தவித்துக் கிடக்க வேண்டாம்.

"தெரபிஸ்ட் கிடைக்க மாசக்கணக்குல ஆகுமாமே?"

முழுச் சிகிச்சைக்கு இடம் கிடைக்கப் பல மாதம் ஆவது உண்மைதான். ஆனால் முதல் சந்திப்புக்கு அவ்வளவு ஆகாது. அரசுக் காப்பீட்டில் இருப்பவர்கள், மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் சேவையான 116117-ஐ அழைத்து, ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டே எனப்படும் முதற்கட்டச் சந்திப்புக்கு நேரம் கேட்கலாம். நான்கு வாரத்துக்குள் வாங்கித் தருவது அவர்கள் பொறுப்பு. அங்கே உங்கள் நிலையைப் பார்த்து என்ன தேவை என்று ஒரு படிவத்தில் எழுதித் தருவார்கள். உடனடிச் சிகிச்சை வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் காத்திருப்பு இன்னும் குறையும். செலவு முழுவதும் காப்பீட்டிலேயே அடங்கும். ஜெர்மன் பேசும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

முப்பது வயது தாண்டி வந்ததாலோ, மலிவு என்பதாலோ தனியார் காப்பீடு எடுத்திருந்தால் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பல மலிவுத் திட்டங்களில் மனநலச் சிகிச்சை இருக்காது. அப்போது ஸ்டுடீரெண்டன்வெர்க் ஆலோசனைதான் உங்கள் முதல் வாசல்.

"எக்ஸாம் எழுதுற நிலைமைல நான் இல்ல. பேசாம போகாம இருந்துடவா?"

வேண்டாம். பதிவு செய்துவிட்டுக் காரணம் காட்டாமல் போகாவிட்டால் பெரும்பாலும் தோல்வியாகக் கணக்கு வைப்பார்கள். பல பாடப்பிரிவுகளில் மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர முடியாமல் போகும். அன்றே மருத்துவரிடம் போய், தேர்வெழுத முடியாத நிலை என்று அட்டெஸ்ட் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்தில் உடனே கொடுங்கள். காய்ச்சலுக்கு மட்டுமில்லை, மன நோய்க்கும் அது செல்லும். விலகுவதற்கான கடைசித் தேதிக்கு முன்பென்றால் பல இடங்களில் சான்றே தேவைப்படாது.

ஒரு பருவம் முழுவதும் முடியாது என்றால் ஊர்லௌப்ஸெமெஸ்டர் எனப்படும் விடுப்புப் பருவம் கேட்கலாம். விசாவை அது தொடக்கூடியது என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆறு மாசமா வந்த லெட்டர் ஒண்ணையும் பிரிக்கல. பிரிக்கவே பயமா இருக்கு."

இதை வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள், ஆனால் நான் அடிக்கடி கேட்பது. இந்த நாடு கடிதத்தில் ஓடுகிறது. மனசு சோர்ந்தால் முதலில் நிற்பது தபால் பெட்டியைத் திறப்பதுதான். ஒரு தம்பி துணிப்பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் கொட்டினான். இருபத்து மூன்று உறை. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தேன். பாதிக்கு மேல் விளம்பரமும் வங்கித் தகவலும். ஒன்று வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ வீதம் சேர்ந்திருந்தது. இரண்டு காப்பீட்டு நினைவூட்டல். தவணை கேட்டு எழுதினோம், ஒத்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

தனியாகப் பிரிக்க வேண்டாம். யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பும் மஞ்சள் உறையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அதில் உறை வந்த தேதியிலிருந்தே கெடு ஓடும்.

"என் பிரச்சனை காசு. கவுன்சலர் காசா குடுக்கப் போறார்?"

கொடுக்கமாட்டார், ஆனால் எங்கே கேட்பது என்று அவருக்குத் தெரியும். ஸ்டுடீரெண்டன்வெர்க்கில் மனநல ஆலோசனைக்குப் பக்கத்திலேயே சமூக ஆலோசனையும் இருக்கும். கிறிஸ்தவ மாணவர் சமூகங்கள் நெருக்கடியில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவி நிதி வைத்திருக்கின்றன, மதம் பார்ப்பதில்லை. 2024 செப்டம்பரிலிருந்து, விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் காட்ட வேண்டிய தொகை வருஷத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. மியூனிக் போன்ற ஊரில் வாடகையே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். உங்களுக்கு மட்டும் பற்றவில்லை என்று நினைக்காதீர்கள்.

வேலை செய்ய வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. அதைத் தாண்டிக் கையில் காசு வாங்கிக்கொண்டு இரவு வேலைக்குப் போகாதீர்கள். விசா பயம், தூக்கமின்மை, சம்பளம் தராமல் ஏமாற்றினால் கேட்க முடியாத நிலை, மூன்றும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும்.

"ரூம்மேட் 'நான் இருந்து என்ன பிரயோஜனம்'னு சொல்றான். சும்மா சொல்றானா, சீரியஸா?"

சீரியஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்று ஆறுதலாக இருக்கும். உபதேசம் வேண்டாம், "அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு" என்பதும் வேண்டாம். அவன் ஏற்கனவே நினைத்து நினைத்துத்தான் குற்ற உணர்ச்சியில் கிடக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் இருந்தாலோ தனியாக விடாதீர்கள். அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூடவே போங்கள், இரவிலும் திறந்திருக்கும். பேச ஆள் வேண்டும் என்றால் டெலிஃபோன்ஸேல்ஸோர்கே என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவை: 0800 1110111, 0800 1110222, 116 123, எல்லா நேரமும், இலவசம், பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பல ஊர்களில் மாணவர்களே நடத்தும் நைட்லைன் என்ற இரவு நேரத் தொலைபேசிச் சேவை உண்டு, அங்கே ஆங்கிலத்திலும் பேசலாம். ரகசியம் காப்பேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாலும் உதவிக்கு ஆள் அழையுங்கள். அந்த ஒரு விஷயத்தில் வாக்கை மீறலாம்.

"பையன் நாலு நாளா போன் எடுக்கலம்மா. நாங்க தேனியில இருக்கோம். என்ன பண்றது?"

முதலில் விடுதியின் பெயரும் அறை எண்ணும் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், மகனோ மகளோ நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், கூடவே இரண்டு நண்பர்களின் எண்களையும். அந்த நண்பர்களைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். திறக்கவில்லையென்றால் அவர்கள் இங்கே 110-ஐ அழைக்கலாம், போலீஸ் போய்ப் பார்ப்பார்கள். யாரையும் தெரியாவிட்டால் பல்கலைக்கழகச் சர்வதேச அலுவலகத்துக்கும், பெர்லின் இந்தியத் தூதரகத்துக்கோ ஃப்ராங்ஃபுர்ட், ஹாம்புர்க், மியூனிக் துணைத் தூதரகங்களுக்கோ தகவல் கொடுங்கள்.

அவன் கிடைத்ததும் முதல் வார்த்தை திட்டாக இருக்க வேண்டாம். மதிப்பெண், கல்விக் கடன் பற்றிய பேச்சை ஒரு வாரத்துக்கு எடுக்காதீர்கள். உங்களுக்கும் பேச ஆள் வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

"எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே போயிடலாம்னு தோணுது. போனா தோத்த மாதிரிதானே?"

போவதும் ஒரு முடிவுதான். ஆனால் பிப்ரவரியில் எடுக்காதீர்கள், சரியாகத் தூங்காத வாரத்திலும் எடுக்காதீர்கள். முதலில் மேலே சொன்ன விடுப்புப் பருவத்தைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்து படிப்பை முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீண்ட நாள் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் இங்கே தங்கும் அனுமதி காலாவதியாகலாம், அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

போவதென்றே முடிவானால் முறையாகப் போங்கள். படிப்பிலிருந்து பெயரை நீக்கி, நகராட்சியில் முகவரியை ரத்து செய்து, காப்பீட்டையும் அறையையும் எழுத்தில் விலக்குங்கள். உரிய சான்றைக் காட்டினால் பிளாக்டு அக்கவுண்டில் மீதமுள்ள பணம் திரும்பக் கிடைக்கும். முடித்த பாடங்களுக்கு மதிப்பெண் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். போன வருஷம் அப்படித் திரும்பிய ஒரு தங்கை இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கிளம்புகிற அன்று தன் குக்கரை என்னிடம் விட்டுப்போனாள். சனிக்கிழமைகளில் பருப்பு இப்போது அதில்தான் வேகிறது.